மூடியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன மைமூன் அக்கா

ரிஃபா போன் செய்தபோது தென்காசியில் எங்கள் பேக்கிங் அறையில் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரிஃபா, மைமூன் அக்காவின் ஒரே மகள். நெதர்லாந்தில் வளர்ந்த பெண் என்றாலும் அவள் பேசுவது அச்சு அசல் கடையநல்லூர்த் தமிழ். அம்மாவிடம் கற்றதைத் தவிர வேறு தமிழ் அவளுக்குத் தெரியாது. “மாமி, கையில இருக்க வேலையக் கீழ வச்சிட்டு உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். “உம்மா மௌத்தாயிட்டாங்க” என்றாள்.

காலையில் தொழுதுவிட்டுத் தேநீர் போட அடுப்படிக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். பலனில்லை. ஐம்பதைக் கடந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவர் குடியிருந்த ஐந்தோவன் நகரத்திலேயே அடக்கம் செய்தார்கள். முகத்தைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் கடையநல்லூரில் அவருடைய தங்கை சபுரா வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்த நேரமெல்லாம் என் போன் ஓயவில்லை. ஸ்வீடன், அயர்லாந்து, ஜெர்மனி என்று எங்கெங்கோ இருந்து, அக்கா கடையின் வாடிக்கையாளர்களான நீங்கள் பேசினீர்கள். ஒருவர் அழுதுவிட்டு, “நான் அவங்கள பார்த்ததே இல்லீங்க, குக்கர் வாஷர் வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்” என்று கூச்சத்தோடு சொன்னார். உங்களில் பெரும்பாலோருக்கு அக்கா ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த ஆளை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது தென்காசியில் நான் வேலை பார்த்த கூரியர் ஆபீஸில். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு பெரிய மூட்டையை ஆட்டோவிலிருந்து தானே இழுத்துக்கொண்டு வந்து கவுன்டர் முன்னால் போட்டார். உள்ளே முழுக்க ஈரிழைத் துண்டுகள். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போவார்களே, அதே மெல்லிய துண்டு. கடையநல்லூர்த் தறிகளில் நேரடியாக எடுத்தது என்றார். நெதர்லாந்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

“அங்க துண்டு கிடைக்காதாக்கா?” என்று கேட்டேன்.

“கிடைக்கும். மெத்தை மாதிரி இருக்கும். துவைச்சுப் போட்டா வெயில் அடிக்க வரைக்கும் காயாது. அங்கன வெயில் எப்ப அடிக்கு?” என்றார். “இது ஒரு ஓரத்துல போட்டாலும் காஞ்சிரும். ஆன்லைன்ல கடை போட்டிருக்கேன். ஏட்டி, நீ சிரிக்காத.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் விற்காது என்று நினைத்தேன். அது முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

அந்தக் கடை ஏன் தொடங்கினார் என்பதைப் பிற்பாடு சொன்னார். அவருடைய கணவர் ஷாகுல் அண்ணன் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். சவூதியில் இருந்துவிட்டு அங்கே போனவர். அக்காவை டச்சு மொழி வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் வாத்தியாரம்மா ஒவ்வொருவரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சிரியாவிலிருந்து வந்த பெண் பல் டாக்டர் என்றாள். போலந்துக்காரர் பேக்கரி என்றார். அக்கா முறை வந்தது. “சும்மா இருக்கேன்ங்கதுக்கு அந்தப் பாஷையில வார்த்தை தெரியல. தெரியாதது நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா சொல்லிட்டு உக்காந்திருப்பேன்” என்றார். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஏதாவது விற்பது என்று முடிவு செய்துவிட்டார். “அந்தப் பாஷையில தப்பில்லாம நான் பேசுன மொத வாக்கியமே, ‘பார்சல எங்க வைக்கணும்’ங்கதுதான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

துண்டுக் கடை ஒரு குளிர்காலம் தாங்கியது. தமிழ்க் குடும்பங்கள் சில வாங்கினார்கள். டச்சுக்காரர்கள் வாங்கியதில் பாதி திரும்பி வந்தது. ஒரு பெண்மணி, துணிக்குள் வெளிச்சம் தெரிகிறது, பழுதான சரக்கு என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதை மேசை விரிப்பாகப் போட்டுப் படம் எடுத்து அனுப்பி, மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர்களுக்கு இருந்த சின்ன சாமான் அறை முழுக்க அப்போது துண்டு அடுக்கியிருந்தது.

அந்த நிலைமையில்தான் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் ஆர்டர் போட்டாள். அவள் கேட்டது ஒரே ஒரு துண்டு. கூடவே, “அக்கா, நீங்க ஊரிலிருந்துதானே வரவழைக்கிறீங்க, அடுத்த பெட்டியில ஒரு குக்கர் வாஷர் வச்சு அனுப்ப முடியுமா? இங்க தேடாத கடையில்லை. குக்கர் இருந்தும் சோறு சட்டியிலதான் வடிக்கேன்” என்று எழுதியிருந்தாள்.

அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். தென்காசியில் கூரியர் அனுப்பத் தெரிந்த ஆள் அவருக்கு நான் ஒருத்திதான். “செல்வி, சாயங்காலம் பாத்திரக்கடைப் பக்கம் போவியா?” என்றார். போனேன். கடைக்காரர் எத்தனை லிட்டர், மூடி உள்ளே போவதா வெளியே போவதா, எந்தக் கம்பெனி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரியவில்லை. டென்மார்க் பெண்ணுக்கும் தெரியவில்லை. அது அவள் மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த குக்கர், பெயரெல்லாம் தேய்ந்துவிட்டது. குத்துமதிப்பாக ஒன்றை வாங்கி அனுப்பினோம். பொருந்தவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அக்கா அந்தப் பெண்ணிடம், குக்கர் மூடியைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் பிள்ளையின் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அந்தப் படத்தை நான் பாத்திரக்கடையில் காட்டினேன். இந்த முறை சரியாக உட்கார்ந்தது. அந்தப் பெண் குக்கர் விசில் அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் கைதட்டுவதும் கேட்டது.

மறுவாரமே துண்டுக் கடை போய், வேறு கடை வந்தது. அந்த இணையப் பக்கத்தில் பொருள்களின் பட்டியல் இருக்காது. மேலே ஒரே ஒரு வரி: உங்கள் மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கே வாங்கி அங்கே கொண்டுபோன மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மாடல் நம்பர் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பதை அக்கா புரிந்துகொண்டார். தேய்ந்துபோனதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், கண்டுபிடிப்பது எங்கள் பாடு. மிக்ஸி ஜாரின் அடியில் சுற்றும் பல்சக்கரம், கிரைண்டர் பெல்ட், குக்கர் வெயிட், இட்லித் தட்டின் நடுக்கம்பி என்று நீங்கள் கேட்காததில்லை. நான் இங்கிருந்து அனுப்பியதை, மிஞ்சிய துண்டுகளில் சுற்றித்தான் அக்கா முதலில் உங்களுக்கு அனுப்பினார். ஷாகுல் அண்ணன், “துண்டு போயி இப்ப வாஷரா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை தோறும் பெட்டிகளைத் தபால் நிலையத்துக்குச் சுமந்தவரும் அவர்தான்.

இடையில் நான் வேலை பார்த்த கூரியர் கிளையை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தேன். அக்கா கூப்பிட்டார். வேலை கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், உதவி செய்வதாக நினைத்துச் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். “உனக்கு வேலை தாரேன்னா சொன்னேன்? நீ இல்லாம எனக்கு ஓடாதுன்னு சொல்லுதேன். ரெண்டும் ஒண்ணா?” என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையை நான் அதுவரை எந்த வேலையிலும் கண்டதில்லை.

இனிச் சொல்லப்போவதை உங்களில் சிலர் நேரில் அனுபவித்திருக்கிறீர்கள்.

நாலைந்து வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் அருவி விழுகிற ஒரு சீசன் நேரம். அக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். பழைய குற்றாலம் போகும் வழியில் ஒரு வீடு எடுத்துத் தங்கினார்கள். சபுரா குடும்பமும் வந்தது, என்னையும் வரச் சொன்னார்கள். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் அருவிக்குப் போய்ச் சேர்ந்து, போனைப் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டும்போது அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது.

ஜெர்மனியில் இருக்கும் ஒரு இளம் தகப்பன் அனுப்பியது. மனைவி வேலைக்குப் போன நேரத்தில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பருப்பு வேகவைத்திருக்கிறார். எங்கள் வாஷர் சூட்டில் இளகி, மூடியின் பக்கவாட்டில் ஆவி பீய்ச்சியடித்து, கொதிக்கும் பருப்புத் தண்ணீர் அவர் மணிக்கட்டில் பட்டுவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவர் திட்டவில்லை. சிவந்த கையைப் படம் எடுத்து, “கவனிச்சுக்கோங்க” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அக்கா அப்படியே ஒரு டீக்கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். “இது எந்தச் சரக்கு செல்வி?”

“போன மாசம் வந்தது அக்கா. அதே சரக்குதான்னு கடைக்காரர் சொன்னாரு.” அது அதே சரக்கு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம்தான் வேறொருவர், ரப்பர் பிசுபிசுவென்று இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஷாகுல் அண்ணன் நிதானமாகத்தான் பேசினார். “ரெண்டு பேருதான சொல்லிருக்காங்க. அவங்களுக்கு வேற அனுப்பிரலாம். மிச்ச சரக்க ஓரங்கட்டிரலாம். எல்லாத்துகிட்டயும் நீயாப் போய்ச் சொன்னா கடை படுத்துரும் மைமூன்.”

“ரெண்டு பேரு சொன்னாங்க. மத்தவங்க சொல்லல, அவ்வளவுதான்” என்றார் அக்கா. “கடை படுத்தா வேற கடை போடுதேன். முன்னாடியும் போட்டவதான. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு அடுப்புகிட்ட நிக்கவங்களுக்கு நாளைக்கு நான் என்ன சொல்ல?”

அந்த இடத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. ஷாகுல் அண்ணனே ஆட்டோ பிடித்து எங்களைக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பழக்கடை நிழலில் நின்று அக்கா அந்தச் செய்தியை உங்களுக்காகப் பேசிப் பதிவு செய்தார். சுற்றிலும் பஸ் சத்தம், முறுக்கு விற்கிறவரின் குரல். “நான் மைமூன் பேசுதேன். நாங்க கடைசியா அனுப்புன வாஷர் சரியில்ல. தப்பு எங்க மேல. இன்னைக்குச் சோறு சட்டியில வடிங்க. அந்த வாஷர கத்தரிக்கோலால ரெண்டா வெட்டி, படம் எடுத்து அனுப்புங்க. நல்லது கிடைச்சதும் நானே அனுப்பி வைப்பேன்.”

அதை வாங்கியவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். பதில் வராதவர்களைக் கூப்பிட்டோம். ஒன்றிரண்டாக, வெட்டிய வாஷர்களின் படங்கள் வரத் தொடங்கின. இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா மட்டும் மறுத்தார். “என்னுது நல்லாத்தாம்மா இருக்கு. நல்ல சாமான ஏன் வெட்டணும்?” என்றார். அக்கா விடவில்லை. “உங்களுக்கு நல்லா இருக்கும்மா. எனக்குத்தான் தூக்கம் வராது. எனக்காக வெட்டுங்க” என்று கெஞ்சினார். கடைசியில் அந்த அம்மாவின் படமும் வந்தது.

திரும்பி அருவிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு, நேராகப் பெண்கள் பக்கம் போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் போனை வாங்கி, அடுத்த படம் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

கடை சில மாதம் மூடிக் கிடந்தது. புதிய சரக்கு எடுத்தபோது அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். எந்த வாஷர் வந்தாலும் முதலில் கடையநல்லூரிலும் தென்காசியிலும் சில வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம். அவர்கள் ஒரு மாதம் தினமும் சமைத்துவிட்டு நல்லது என்று சொன்னால்தான் பெட்டி கிளம்பும். சபுரா வீட்டில் அந்த மாதங்களில் தினம் பருப்புதான். அவள் பிள்ளைகள் பெரியம்மாவிடம் போனில் முறையிட்டது எனக்கு நினைவிருக்கிறது. கடையைத் திரும்பத் திறந்த அன்று முதலில் வந்த படம், அந்த ஜெர்மனித் தகப்பனுடையது. மிக்ஸி ஜார் மூடி உடைந்துவிட்டதாம். அக்கா அதை ஷாகுல் அண்ணனிடம் காட்டினார். “கடை படுக்கல போலிருக்கே” என்றார் அவர். அதற்கு அடுத்த வருடம் எங்களுக்கு இடம் போதாமல், இப்போது இருக்கிற பேக்கிங் அறைக்கு மாறினோம்.

எல்லோரும் அக்காவைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளரிடம் மட்டும்தான் பொறுமை. என்னிடம் அப்படியில்லை. டேப் கோணலாக ஒட்டியிருந்தால் படத்தைப் பார்த்தே திட்டுவார். நானும் திருப்பிப் பேசுவேன். பேசாமல் இரண்டு நாள் போகும். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, “சாப்ட்டியா?” என்பார். சண்டை முடிந்தது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அவருடைய மூன்றாவது கடையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. போன வருடம் சாரல் நேரத்தில் அக்கா ஊருக்கு வந்திருந்தபோது தென்காசிக் கோயில் வாசல் பக்கம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். ஸ்கூட்டரில் போகிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைக் கொசுவம் நனைந்து காலில் ஒட்ட ஒருத்தி போனாள். பர்தாவின் கீழ்ப்பாதி சொட்டச் சொட்ட இன்னொருத்தி. “அங்கன எல்லாரும் மழையில சைக்கிள்ல போவாங்க. கால்சட்டைக்கு மேல ஒரு கால்சட்டை மாட்டிக்குவாங்க. இங்கன சேலைக்கு மேல எத மாட்டுவா?” என்றார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. நேராக ஜவுளிக்கடைக்குப் போய் மழைத்துணி இருக்கிறதா என்று கேட்டார்.

கடையநல்லூரில் ஜீனத் என்ற தையல்காரப் பெண், சேலைக்கும் பர்தாவுக்கும் மேல் மாட்டுகிற ஒரு மழையங்கியைத் தைத்துப் பார்த்தாள். முதல் உருப்படியை மாட்டிக்கொண்டு நான் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஸ்கூட்டரில் போனேன். காற்று உள்ளே புகுந்து நான் பலூன் மாதிரி உப்பிவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்துச் சிரித்தார். ஜீனத் எடுத்த வீடியோவைப் பார்த்து ஐந்தோவனில் அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாராம். ரிஃபா சொன்னாள். சிரித்து முடித்ததும், “இடுப்புல ஒரு நாடா வை. பக்கத்துல காத்துப் போக வழி விடு” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே திருத்தித் திருத்தி, அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒன்று சரியாக வந்தது. நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு தென்காசிப் பெண்களுக்கு விற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. “இவ்வளவு நாளு ஊரு சாமான அங்க வித்தேன். இனி அங்க பாத்தத ஊருக்கு விக்கேன்” என்றார்.

அவர் போனபிறகு அதை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரிஃபாதான் முதலில் பேசினாள். அவளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. “வேலைய விட மாட்டேன் மாமி. ஆனா ரெண்டு கடையோட பக்கத்தயும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க நிறுத்திராதீங்க” என்றாள். ஷாகுல் அண்ணன் பெட்டிகளைச் சுமப்பதை நிறுத்தவில்லை. அடக்கம் முடிந்த வாரத்து சனிக்கிழமையும் போனாராம். வீட்டில் உட்கார முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். இந்தச் சீசனில் முதல் சாரல் விழுந்தபோது மழையங்கி விற்பனைக்கு வந்தது. ஜீனத் இப்போது இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தைக்கிறாள்.

போன வாரம் செங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். மழையங்கி ஒழுகுகிறது, பள்ளிக்கூடத்துக்கு ஈரத்தோடு போனேன், ஏமாந்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். இயல்பில் நான் குறை சொல்கிறவர்களைக் கண்டால் ஒதுங்குகிற ஆள். சத்தம் போடுவார்களோ என்று பயம். அன்று காலை வேறு எந்த வேலையையும் தொடுவதற்கு முன்னால் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். மைமூன் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: குறை சொல்கிறவரிடம் முதலில் போவது, பயமில்லாமல் போவது.

அந்த டீச்சர், “நீங்களே கூப்பிடுவீங்கன்னு நான் நெனைக்கல” என்றார். அன்று சாயங்காலமே ஜீனத்தை அழைத்துக்கொண்டு செங்கோட்டைக்குப் போனேன். டீச்சர் மழையங்கியைக் கட்டிலில் விரித்துப் போட்டார். ஜீனத் பையிலிருந்து, துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“எந்த இடத்துல தண்ணி இறங்குச்சு, காட்டுங்க டீச்சர்.”